டிரைவருக்கு ஒன்பது நாள் டியூஷன்

மிஸ்ஸுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மாதிரித் தேர்வுதான். காய்ச்சல் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால்கூட, "இந்த ரெண்டு கணக்கைப் போட்டுட்டுப் போய்ப் படு" என்று சொல்லுகிற ரகம் அவள். இருபத்தாறு வருஷமாக வீட்டின் முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இவன் தேற மாட்டான் என்று பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகளைத்தான் அவளிடம் கொண்டுவந்து தள்ளுவார்கள். அவளும் தேற்றிவிடுவாள். எப்படி என்று கேட்டால் பெரிய ரகசியமெல்லாம் கிடையாது. என்ன கேள்வி வரும் என்று முன்னாலேயே மோப்பம் பிடிப்பாள், அதை உருப்போட வைப்பாள், அவ்வளவுதான். தெரு முழுக்க அவளுக்கு 'மிஸ்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தொரு வயசாகிவிட்ட அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அது அவளுடைய அப்பா. இப்போது அவருக்கே பரீட்சை வந்துவிட்டது.

அப்பா முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகியும் அக்கம்பக்கத்தில் அவர் டிரைவர்தான். பெருங்குடலில் கட்டி என்று கண்டுபிடித்து, ஏழு வாரத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எழுபத்தெட்டு வயசுக்கு நன்றாகவே தேறி எழுந்தார். அடுத்தது மருந்து சிகிச்சை. அதற்கு நாள் குறிப்பார்கள் என்று மிஸ் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால், புற்றுநோய் டாக்டர் வேறு கதை சொன்னார். மருந்து கடுமையானது, இந்த வயசில் அதைத் தாங்குவாரா என்று முதலில் பார்க்க வேண்டும், முதியோர் பிரிவில் ஒரு முழு மதிப்பீடு செய்வார்கள், நடை, ஞாபகம், எடை, வீட்டு நிலவரம் எல்லாம் கேட்பார்கள், அந்தப் பேப்பரை வைத்துத்தான் முடிவு என்றார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மிஸ்ஸுடைய அம்மாவை இப்படித்தான் ஒரு டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். "வயசாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பார்த்துக்குங்க" என்றார். மூன்று நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. மிஸ்ஸும் அப்பாவும் வாயை மூடிக்கொண்டு கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறந்து கேட்கவில்லை என்று இன்றுவரை குமைகிறவள் மிஸ். அதனால் டாக்டர் சொன்னதில் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா பாஸானால் மருந்து, ஃபெயிலானால் கைகழுவிவிடுவார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. ஆனால் பயந்தவளிடம் போய் அதை யார் சொல்வது?

மதிப்பீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே மிஸ் எதிர்வீட்டு டெய்லரம்மாவைப் பிடித்துக்கொண்டாள். டெய்லரம்மாவின் அண்ணனுக்குப் போன வருஷம் இதே மதிப்பீடு நடந்திருந்தது. கூடவே போன டெய்லரம்மாவுக்குத் துணி அளவு மறக்காத ஞாபகம். நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் ஒட்டிய டேப் வரை நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும், கடிகாரம் வரையச் சொல்வார்கள், மூன்று வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், அந்த வார்த்தைகள் சாவி, குடை, ஆரஞ்சு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வினாத்தாள் கையில் கிடைத்த மாதிரி மிஸ் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

அப்புறம் கேட்கவேண்டுமா! காலை ஆறு மணிக்கு நடை, பத்து மணிக்குக் கடிகாரம், மாலை வகுப்பு தொடங்குமுன் பொது அறிவு. இன்று என்ன கிழமை, என்ன தேதி, எத்தனாவது மாடியில் இருக்கிறோம். நடைவழியில் மூன்று மீட்டர் அளந்து, மாவு டப்பாவின் மூடியை எல்லைக்கல்லாக வைத்தாள். முதல் நாள் டிரைவர் பத்தொன்பது விநாடி எடுத்தார். மிஸ் உதட்டைப் பிதுக்கினாள். ஆறாம் நாள் பதின்மூன்றுக்கு வந்தது. "திரும்பும்போதுதான்ப்பா நேரம் போகுது, சட்டுனு திரும்பு" என்று விரட்டினாள். அவர் சட்டென்று திரும்பப் பழகினார். திரும்பும்போது ஒரு கை சுவரைத் தேடியதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சுவரைப் பிடிக்காதே, மார்க் போயிடும்" என்றாள்.

டிரைவரும் சளைத்தவர் இல்லை. டிப்போவில் வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனைக்குப் பலகையின் கடைசி வரியை நெட்டுருப் போட்டுக்கொண்டு போகிற கூட்டத்தில் பழகியவர். பரிசோதனை என்றாலே தாண்டி வர வேண்டிய பள்ளம் என்றுதான் அவருக்கும் எண்ணம். ஒரு நாள் மட்டும், கடிகாரத்தை ஏழாவது தடவை வரைந்துகொண்டே, "பாப்பா, நான் நிஜமாவே எப்படி இருக்கேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று கேட்டார். முள்ளை நேராகப் போடச் சொல்லிவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

எதைச் சொல்லக்கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் போட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் மருந்துக்கடைப் படியில் ஒரு தடவை கால் தடுக்கி விழுந்தாரே, அது கூடவே கூடாது. அம்மா போனதிலிருந்து இரவில் போடுகிற தூக்க மாத்திரையும் கூடாது. வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு டப்பாவை மட்டும் எடுத்து அலமாரிக்குள் தள்ளினாள். சாப்பாடு எப்படி என்று கேட்டால் நன்றாக என்று சொல்ல வேண்டும். தடுமாறினால் அவள் பின்னாலிருந்து ஒரு தரம் இருமுவாள். இருமினால் 'இல்லை' என்று பொருள்.

அந்த நாளும் வந்தது. முதியோர் பிரிவு மூன்றாவது மாடியில், நீள நடைவழியின் கடைசியில் இருந்தது. காத்திருந்த இடத்தில் மிஸ்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், பிறகு மறுபடியும் சரிசெய்தாள். அவரோ உதட்டுக்குள் சாவி, குடை, ஆரஞ்சு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் மகன்மேல் சாய்ந்து குறட்டை விட்டார். இவரெல்லாம் தேறவே மாட்டார் என்று மிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அடுத்த நொடியே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கூப்பிட்டது ஒரு நர்ஸ். நாற்பத்தைந்து வயசிருக்கும், கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, எடை மெஷின், தரையில் மஞ்சள் டேப். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் தெரிந்தது. கேள்விகளை ஐயாவிடம்தான் கேட்பேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள், உங்களிடம் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன் என்று நர்ஸ் மிஸ்ஸிடம் தன்மையாகச் சொல்லிவிட்டார். எத்தனை பிள்ளைகளை இப்படிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியிருப்பாள் அவள்! இன்றைக்கு அவளே மூலையில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் எடை. டிரைவர் காலில் பழைய டியூட்டி பூட்ஸ், உள்ளே ரெண்டு பனியன், மேலே கம்பளிச் சட்டை. இதெல்லாம் யாருடைய யோசனை என்று சொல்லவும் வேண்டுமோ? நர்ஸ் சிரித்துக்கொண்டே பூட்ஸையும் கம்பளிச் சட்டையையும் கழற்றச் சொன்னார். ஆறு கிலோ குறைந்திருந்தது. மிஸ்ஸுக்கு முதல் மார்க் போய்விட்டது. அடுத்தது கைப்பிடி. ஒரு இரும்புப் பிடியைக் கையில் கொடுத்து முடிந்தவரை அழுத்தச் சொன்னார். முப்பத்து நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையாயிற்றே, முள் சர்ரென்று ஏறியது. நர்ஸ் புருவத்தை உயர்த்தினார். டிரைவருக்கு முகமெல்லாம் பெருமை. மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் கேள்விகள். குளிப்பது, உடுத்துவது, சமையல், கடைக்குப் போவது. எல்லாவற்றுக்கும் டிரைவர் டாண் டாண் என்று பதில் சொன்னார். கடந்த ஆறு மாசத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா என்று நர்ஸ் கேட்டார். 'விழு' என்று அவர் வாயைத் திறந்ததுமே டிரைவர் "இல்லை" என்றார். கேள்வி முடியுமுன் விடை எழுதினால் பிடிபடுவாய் என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் மிஸ். அப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டாள். நர்ஸ் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எழுதினார். மாத்திரைப் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். தூக்கத்துக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டபோது டிரைவர் தயங்கினார். மிஸ் இருமினாள். "இல்லை" என்றார் அவர். நர்ஸ் எழுந்து ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, "இருமல் ரொம்ப நாளாவா?" என்று கேட்டார். மிஸ் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள், வேறென்ன செய்ய.

நடைக்குப் பன்னிரண்டு விநாடி. வீட்டில்கூட எட்டாத நேரம். ஆனால் டேப்பைத் தொட்டுச் சட்டென்று திரும்பும்போது அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலை அகட்டி, எப்படியோ நின்றுவிட்டார். நர்ஸின் கை நீண்டு, தொடாமலே திரும்பியது. நேரத்தை எழுதியவர், அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு வரி எழுதினார். நேரம்தான் நன்றாக வந்துவிட்டதே, அப்புறம் எழுத என்ன இருக்கிறது என்று மிஸ்ஸுக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் ஞாபகம். நர்ஸ் மூன்று வார்த்தை சொன்னார். படகு, நாற்காலி, ரோஜா. டிரைவர் அதைத் திருப்பிச் சொன்னார். சொன்னாரே தவிர, அவர் முகம் போன போக்கு மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. படித்தது வராத வினாத்தாளைப் பிரித்த பிள்ளையின் முகம் அது. கடிகாரத்தை வரைந்தார். வட்டம், எண், முள், ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம் நர்ஸ் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டார்.

"சாவி, குடை, ஆரஞ்சு" என்றார் டிரைவர், கணீரென்று.

அவசரம் இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். அவர் யோசித்தார். ஒன்பது நாள் உருப்போட்டது வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மறுபடியும் அதே மூன்றையே சொன்னார், இம்முறை குரல் இறங்கி. நர்ஸ் தாளில் குறித்தார். தாளைத் தலைகீழாகப் படிப்பது மிஸ்ஸுக்குக் கைவந்த கலை, பெஞ்சுக்கு எதிரே நின்றே விடை திருத்துகிறவள் அவள். மூலையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றுக்குப் பூஜ்யம்.

போச்சு. எல்லாம் போச்சு. உடம்பு தாங்காது என்று சொன்னால்கூட வாதாடலாம். புத்தி தடுமாறியவர் என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? இப்போதே கோப்பை மூடி, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லப்போகிறார்கள். அம்மாவின் டாக்டர் கோப்பை மூடிய சத்தம் அவள் காதில் கேட்டது. அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது.

"அவருக்கு ஞாபகமெல்லாம் நல்லா இருக்கு. தப்பு என்னோடது. நான்தான் வேற வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். ஒன்பது நாளா."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று மிஸ் எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து முன்னால் போட்டு, இங்கே வந்து உட்காருங்கள் என்றார். வேறு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மிஸ் மென்று முழுங்கினாள். பூட்ஸை ஒப்புக்கொண்டாள். நடையை ஒப்புக்கொண்டாள். வார்த்தைக்கு வேறு மூன்று கொடுத்து மறுபடியும் கேட்கும்படி கெஞ்சினாள். கேட்கிறேன் என்றார் நர்ஸ். அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் மிஸ் பார்த்தாள். மார்க் திரும்பக் கிடைத்தால் போதாதா, மற்றதை எதற்குக் கிளற வேண்டும்?

நர்ஸ் விடவில்லை. "இது பாஸ், ஃபெயில் இல்லம்மா. இவருக்கு மருந்து கொடுக்கலாமா வேணாமான்னு மட்டும் நாங்க பார்க்கலை. எந்த மருந்து, எவ்வளவுன்னு பார்க்கிறோம். ரெண்டு மருந்து இருக்கு. அதுல ஒண்ணு பாதத்தை மரத்துப்போக வைக்கும். கால் வச்ச தரை தெரியாது. விழாத மனுஷனுக்கு அது தொந்தரவு. ஏற்கெனவே விழுற மனுஷனுக்கு இடுப்பு முறியும், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். ஐயா விழுந்ததே இல்லைன்னு நான் எழுதியிருக்கேன். இந்தத் தாள் இப்படியே போனா ரெண்டு மருந்தும் முழு அளவுல வரும்."

ஒன்பது நாளும் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனது எந்தப் பக்கம் என்று மிஸ்ஸுக்கு இப்போதுதான் தெரிந்தது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பள்ளத்தைப் பார்த்துத் தள்ளியிருக்கிறாள். மருந்துக்கடைப் படியைச் சொன்னாள். அலமாரிக்குள் கிடக்கும் தூக்க மாத்திரையைச் சொன்னாள், பெயர், அளவு, எத்தனை வருஷமாக என்பதோடு. ஒரே ஒரு தடவைதான் விழுந்தார், சத்தியமாக ஒரே தடவைதான் என்றாள்.

நர்ஸ் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஒரு தடவைதானா, ஐயா?"

அவர் மகளைப் பார்த்தார். ஒன்பது நாளாக விடை வருகிற பக்கம் அதுதானே. மிஸ் இருமவில்லை. தலையாட்டவும் இல்லை. அவர் பார்வையை இறக்கி, மடியில் கிடந்த கையைத் திருப்பி, நாலு விரலைக் காட்டினார்.

ஒன்று அந்தப் படி. ஒன்று கட்டிலோரம், ராத்திரி எழுந்தபோது சறுக்கி உட்கார்ந்தது. ஒன்று சமையலறையில், அதில் முழங்கை மட்டும் கன்றிப்போனது. இதையெல்லாம் பஸ் தடம் எண் சொல்லுகிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டதாக அவர் சொன்னது மிஸ்ஸுக்கு நினைவிருந்தது. நாலாவது எங்கே என்று நர்ஸ் கேட்டார். குளியலறை, மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை சாயங்காலம் என்றார். தரையில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். அது எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், தாளிலேயே அச்சடித்திருந்தது.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"வீட்ல யாரும் இல்லையா?"

"இருந்தாங்க" என்றார் டிரைவர். அப்புறம் மகளுக்காக வக்காலத்து வாங்குகிற குரலில் அவசரமாகச் சேர்த்தார். "பரீட்சை நேரம் பாருங்க. முன்னறையில பதினோரு பிள்ளைங்க."

"கூப்பிடலையா, ஐயா?"

"ஒரு தடவை கூப்பிட்டேன். ஒரு நிமிஷம்ப்பான்னா."

மிஸ்ஸுக்கு அந்தப் புதன்கிழமை அப்படியே வந்து எதிரே நின்றது. பலகையில் இருபடிச் சமன்பாடு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'பாப்பா' என்று ஒரு குரல். திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஒரு நிமிஷம்ப்பா" என்று கத்திவிட்டு, அடுத்த கணக்கு, அதற்கடுத்த கணக்கு. வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்து உள்ளே போனாள். அவர் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். பனியன் நனைந்திருந்தது. எதற்கு அப்பா கூப்பிட்டாய் என்று கேட்டதற்கு, டவல் எங்கே என்று கேட்கத்தான் என்றார். அதற்காகவா வகுப்பு நடக்கும்போது கத்தினாய் என்று அவரைத் திட்டிவிட்டு அவள் விடைத்தாள் திருத்தப் போனாள். ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் சொச்சமே ஆன உடம்பு. வாளியைப் பிடித்து, கதவைப் பிடித்து, அந்த ஒரு மணி நேரமும் தானாகவே ஊர்ந்து எழுந்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் அவள், தவறு செய்தால் மறுபடி போடு, மறுபடி போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நர்ஸ் டிரைவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, புதிதாக மூன்று வார்த்தை சொல்லி, மேலும் சில கேள்வி கேட்டுவிட்டு வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டார். ரெண்டு வந்தது, மூன்றாவது வரவில்லை. இந்த வயசுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை, தூக்க மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அப்பாவும் மகளும் ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக் கார் குறுகலான இடத்தில் பின்னால் எடுக்கத் தெரியாமல் அல்லாடியது. வேறு நாளாக இருந்தால் டிரைவர் அதை ஒரு பிடி பிடித்திருப்பார்.

அரைமணி நேரம் கழித்து முதியோர் டாக்டர் வந்தார். இளவயசுப் பெண், குரல் மெதுவாக இருந்தது, கேள்வி மட்டும் கூர்மை. வந்ததும் மிஸ்ஸிடம் பேசாமல் டிரைவரின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நேராக அவரிடமே சொன்னார். மருந்து உண்டு. கைவிடுவதாக இல்லை. ஆனால் கால் மரத்துப்போகிற மருந்து வேண்டாம் என்று புற்றுநோய் டாக்டரிடம் சொல்லப்போகிறோம். மற்றதை மாத்திரையாகக் குறைந்த அளவில் தொடங்கி, தாங்குவதைப் பார்த்துக் கூட்டலாம். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எடை ஏறச் சாப்பாட்டுக்கு ஒரு ஆளும், காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஆளும் பார்ப்பார்கள். மிஸ் ஒவ்வொன்றையும் கேட்டாள், நோட்டை எடுக்கத் தோன்றவில்லை. மூன்று நிமிஷம் இல்லை, ரெண்டு மணி நேரமாக ரெண்டு பேர் அப்பாவைப் பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒரே ஒரு விஷயம் பாக்கி" என்றார் டாக்டர். மாத்திரை வீட்டில் வைத்துச் சாப்பிடுவது. காய்ச்சல் வரலாம், வயிறு போகலாம், தலை சுற்றலாம். அந்த நேரத்தில் நோயாளி கூப்பிட்டால் உடனே வர வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அதை எழுதாமல் மாத்திரையைத் தொடங்க மாட்டார்கள். "கூப்பிட்ட உடனே வர ஆள் இருக்காங்களா?"

"ஏன் இல்லாம? என் பொண்ணு இருக்கா" என்றார் டிரைவர் சட்டென்று. "கூப்பிட்டா வந்துடுவா."

டாக்டர் பேனாவை எடுத்தார். சும்மா இருந்தால் போதும், அந்தக் கட்டத்தில் ஒரு 'ஆம்' விழுந்துவிடும். 'இல்லை' என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடுவார்களோ, வேறு ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று மிஸ் பயந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவராகவே சொன்ன பொய் அது. அவளுக்காகச் சொன்னது.

"இல்லை, டாக்டர்" என்றாள் மிஸ். "கூப்பிட்டப்போ நான் போகலை. ஒரு மணி நேரம் தரையில கிடந்தார். வகுப்பு எடுத்தா எனக்கு எதுவுமே காதுல விழாது. இல்லைன்னே எழுதிக்குங்க."

டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு, அப்படியானால் முதல் ரெண்டு மாசம் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு நர்ஸ் வருவார், கையில் கட்டிக்கொள்கிற மணி ஒன்று தருகிறோம், அமுக்கினால் எங்களுக்கும் கேட்கும், உங்கள் பெண்ணுக்கும் கேட்கும் என்றார். 'ஆம்' என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றுமே வந்திருக்காது என்றும் சொன்னார். மாத்திரை திங்கட்கிழமை தொடங்கும்.

டிரைவருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அவளை அப்படி எழுதாதீங்க, டாக்டர். அவ நல்ல பொண்ணு. அதை எங்க எழுதுவீங்க?"

டாக்டர் நிஜமாகவே தாளைப் பார்த்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார், பிறகு மறுபக்கத்தைப் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்லை, ஐயா" என்றார்.

மிஸ் அழுதாள். பிள்ளைகள் யாரும் பார்த்திராத அழுகை, மூக்கு ஒழுக, தோள் குலுங்க. டிரைவர் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டே எழுந்து, நாலு அடி நடந்து, மகளிடம் வந்து சேர்ந்தார்.